சாவடிப் பொறுப்பாளர் – ஒரு நோயின் வரலாறு

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விலகிச் சென்ற குருவையும் லேவியரையும் கண்டித்து மறையுரை ஆற்றுகிறோம். இறங்கி வந்து காயங்களைக் கட்டிய சமாரியரைப் போற்றுகிறோம். ஆனால் லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் அவ்வுவமை முடிகிற இடத்தில் நிற்கும் ஒரு மனிதரைப் பற்றி நாம் பேசுவது அரிது. அவர் சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் ஓர் இரவு மட்டுமே காயப்பட்டவரோடு தங்கினார். மறுநாள் இரு தெனாரியங்களைக் கொடுத்துவிட்டுத் தம் பயணத்தைத் தொடர்ந்தார். அதன்பின் வந்த நாள்களிலெல்லாம் கட்டு மாற்றியவரும், கஞ்சி கொடுத்தவரும், இரவு முனகல் கேட்டு விழித்தவரும் அந்தப் பொறுப்பாளரே. உவமை அவருக்குப் பெயரும் தரவில்லை, பாராட்டும் தரவில்லை.

வழியோரத்தில் கட்டுப் போட்டால் ஆறிவிடும் காயங்கள் உண்டு. சாவடியில் வைத்து ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டிய காயங்களும் உண்டு. இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு நோயின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன். மருத்துவர்கள் அதனை அரிவாள் அணு நோய் என்பர். நீலகிரியிலும் வயநாட்டிலும் மக்கள் ‘சிக்கிள் செல்’ என்றே சொல்லிப் பழகிவிட்டனர். இது இரத்தத்தைப் பற்றிய வரலாறு மட்டுமன்று. துன்புறுகிறவர் சொல்வதை நம்புவதா, நம்பாமல் விடுவதா என்பதைப் பற்றிய வரலாறுமாகும்.

பெயர் மறைக்கப்பட்ட மாணவர்

1904-ஆம் ஆண்டு கரீபியக் கடலில் உள்ள கிரெனடா தீவிலிருந்து வால்டர் கிளெமென்ட் நோயெல் என்னும் 20 வயது இளைஞர் பல் மருத்துவம் பயில அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், மூச்சுத் திணறலோடும் காய்ச்சலோடும் அங்கிருந்த பிரெஸ்பிடீரியன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காலில் ஆறிய புண்களின் தழும்புகள் இருந்தன. பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்களுள் பல நீண்டு, வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாளைப் போலக் காணப்பட்டன. அவருடைய மேலாளர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ஆம் ஆண்டு நவம்பரில் இதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். மேலைநாட்டு மருத்துவ நூல்களில் இந்நோயின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

அக்கட்டுரையில் நோயெலின் பெயர் இல்லை. இரண்டரை ஆண்டுக் காலத்தில் அவர் மீண்டும் மீண்டும் படுக்கையில் விழுந்தார்; ஒருமுறை நிமோனியா என்றனர், மறுமுறை தசைவாதம் என்றனர், பிறிதொருமுறை பித்தக்கோளாறு என்றனர். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஓய்வும், சத்துணவும், இரும்புச் சத்து மருந்துமே அவருக்குக் கிடைத்தன. ஆயினும் படிப்பை முடித்தார். 1907-இல் தாயகம் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றினார். 1916-ஆம் ஆண்டு மே மாதம் நுரையீரல் நோயால் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரும் வாழ்வும் 1989-இல்தான் ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டன. கிரெனடாவின் வடகோடியில் உள்ள சோட்டேர் என்னும் ஊரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். நூல்களில் இடம்பெற்ற இந்த முதல் நோயாளி குழந்தை அல்லர். வளர்ந்த மனிதர், படிப்பும் தொழிலும் கனவும் உடையவர். ஆயினும் பின்வந்த பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் இதனைக் குழந்தைகளின் நோயாகவே எண்ணியது. வளர்ந்து பெரியவராகும் வரை பலர் உயிரோடு இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

மருத்துவர்கள் பெயரிடுவதற்கு நெடுங்காலம் முன்பே ஆப்பிரிக்க மக்கள் இந்நோயை அறிந்திருந்தனர். கானா நாட்டின் கா மொழியில் அதற்கு ‘ச்வெச்வேச்வே’ என்று பெயர். எலும்பைக் கவ்விக் கடிப்பது போன்ற வலியின் ஓசையே அங்குப் பெயராயிற்று. நுண்ணோக்கி வைத்திருந்தவர்கள் அணுவின் வடிவத்தைக் கண்டு பெயர் வைத்தனர். பாயில் கிடந்தவர்கள் வலியைக் கொண்டு பெயர் வைத்தனர்.

ஓர் எழுத்து மாறிய சொல்

நோயின் இயல்பை எளிமையாகச் சொல்கிறேன். இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் உள்ளது. உயிர்வளியைச் சுமந்து செல்வது அதன் பணி. 1927-இல் ஹான், கில்லஸ்பி என்னும் இருவர் உயிர்வளி குறையும்போதே இந்நோயாளியின் அணுக்கள் வளைகின்றன எனக் காட்டினர். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் குறை அந்த ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என நிறுவினர். அடுத்த சில ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அக்குறை எவ்வளவு சிறியது என்பதைக் கண்டார். 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியில் 6-ஆம் இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. ஒரு நீண்ட திருமடலில் ஓர் எழுத்து பிழைபட்டதைப் போன்றது அது.

அந்த ஓர் எழுத்தினால் விளைவது என்ன? நலமான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும்; அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாள்களில் சிதைந்துவிடும். ஆகவே சோகை நீங்குவதில்லை. விறைத்து வளைந்த அணுக்கள் சிறு இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட இடத்திற்கு அப்பால் உள்ள தசையும் எலும்பும் உயிர்வளியின்றித் துடிக்கின்றன. இதுவே அந்நோயாளிகள் அஞ்சும் வலி. உடலில் நீர் வற்றுதல், குளிர், காய்ச்சல், கடும் உழைப்பு ஆகிய எதுவும் அதனைத் தூண்டிவிடலாம்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவரே நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் சுமப்பவர். அவருக்கு இந்நோய் இல்லை, பெரும்பாலும் எத்தொல்லையும் இல்லை. மாறாக, அவருக்கு ஒரு நன்மையும் உண்டு என்று 1954-இல் ஆந்தனி அல்லிசன் காட்டினார்: கொடிய மலேரியாவிலிருந்து அந்த மரபணு அவரைக் காக்கிறது. கொசு மிகுந்த காடுகளில் வாழ்ந்த மக்களிடையே இது தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்குக் காரணம் இதுவே. முன்னோரைக் காத்த கேடயமே, இரண்டாகச் சேரும்போது பேரப்பிள்ளையின் மார்பில் வாளாகிறது. இதில் எவருடைய பாவமும் இல்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அக்கேள்வியையே மறுத்துவிட்டதை யோவான் நற்செய்தியில் காண்கிறோம்.

நீலகிரியில் எடுக்கப்பட்ட இரத்தம்

இந்தியாவில் இந்நோயின் வரலாறு நம் தமிழ் மண்ணோடு இணைந்தது. ஹெர்மன் லேமன் என்பவர் ஜெர்மனியின் ஹாலே நகரில் 1910-இல், ஹெரிக் தம் கட்டுரையை வெளியிட்ட அதே ஆண்டில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் ஆட்சியில் நாட்டைவிட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த அறிஞர். அவரும் மேரி கட்புஷ் என்னும் பெண் அறிஞரும் நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தை ஆய்ந்து, அரிவாள் அணுத் தன்மை அங்கு மிகுதியாக இருப்பதை 1952-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அது கண்டறியப்பட்டது.

அக்கால ஆய்வாளரின் கேள்வி பெரும்பாலும் இனவரலாறு பற்றியது. ஆப்பிரிக்கரிடம் காணப்பட்டது இந்திய மலைகளில் எப்படி வந்தது? இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? அறிவுக்கு இது நல்ல கேள்வியே. பின்னர் 1980-களில் மரபணு ஆய்வு, இந்தியாவிலும் அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படும் அரிவாள் மரபணு ஆப்பிரிக்காவில் தோன்றியதிலிருந்து தனியே தோன்றியது என்று விடை தந்தது. ஆனால் இரத்தம் கொடுத்த மனிதரின் கேள்வி வேறு: ‘என் மகன் ஏன் மழைக்காலம் வந்தால் எலும்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்?’ அந்தக் கேள்விக்கு விடை மலைக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆய்வுக் குழாயில் இரத்தம் கீழே இறங்கிச் சென்ற வேகத்தில் மருந்து மேலே ஏறி வரவில்லை.

ஆய்வு செய்தவர்களைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அகதியாக வாழ்ந்த லேமனுக்கு மனிதத் துன்பம் தெரியாததன்று. காயத்தைக் காண்பது ஒன்று, காயப்பட்டவரைக் காண்பது வேறு என்பதற்காகவே சொல்கிறேன்.

பெரியவராகும் நோயாளி

1973-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி இந்நோயாளிகளுள் பாதிப்பேர் 14 வயதுவாக்கிலேயே இறந்தனர். 1994-இல் அதே நாட்டில் வெளியான மற்றொரு பேராய்வில் அந்த இடைநிலை வயது ஆண்களுக்கு 42 எனவும் பெண்களுக்கு 48 எனவும் உயர்ந்திருந்தது. குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் உயிர்பறிக்கும் தொற்றுகளைத் தடுக்கலாம் என்று 1986-இல் நிறுவப்பட்டது இம்முன்னேற்றத்தை மேலும் உறுதிப்படுத்தியது. இவ்வாறு மருத்துவம் குழந்தைகளைக் காப்பாற்றியது. காப்பாற்றப்பட்ட குழந்தைகள் பெரியவர்களாயினர். குழந்தை மருத்துவரின் கனிவான அறையிலிருந்து வெளியே வந்த அவர்களைப் பெரியவர் பிரிவில் வரவேற்கத் தயாராயிருந்தவர் சிலரே. சமாரியர் தம் பணியைச் செய்துவிட்டார். சாவடி எங்கே என்பதே அடுத்த கேள்வி.

வளர்ந்தவரின் உடலில் இந்நோய் சேர்த்துவைக்கும் கணக்கு பெரிது. இடுப்பு மூட்டின் எலும்பு இரத்தமின்றி மடிந்து, 30 வயதிலேயே நொண்டி நடப்பவர் உண்டு. கணுக்காலருகே புண் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கலாம்; நோயெலின் தழும்புகள் அதற்குச் சாட்சி. மண்ணீரல் செயலிழப்பதால் காய்ச்சல் எதுவும் சிறிதன்று. சிறுநீரகம் மெல்லத் தளரும், கண்ணின் விழித்திரை பாதிக்கப்படும், நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி இதயம் களைக்கும், பக்கவாதம் வரலாம். கருவுற்ற தாய்க்கு இரட்டைக் கவனம் தேவை. வெளியே பார்த்தால் மெலிந்த, கண் சற்று மஞ்சளித்த மனிதர், அவ்வளவே தெரியும். தோட்டத்தில் கூலி வேலை செய்பவரானால், வாரத்தில் இரண்டு நாள் எழ முடியாதபோது அவருக்குக் கிடைக்கும் பட்டம் ‘சோம்பேறி’ என்பதே.

இவர்களுள் மிகுதியானோரின் உயிரைப் பறிப்பது மார்பில் வரும் ஒரு சிக்கல்: நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலில் புதிய நிழல். நோயெலின் உயிரைக் கொண்டுபோனதும் இதுவே எனக் கருதப்படுகிறது. 30 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. இச்சிக்கலுக்கு ஆளானவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இதற்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் கைகால் வலிக்காக வந்து படுத்தவர்கள். இரண்டு மூன்று நாள் கழித்தே மார்பு பற்றிக்கொண்டது. ‘வெறும் வலிதானே’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வார்டில், மூன்றாம் நாள் இரவில் மரணம் வந்து நிற்கக்கூடும் என்பது இதன் பொருள்.

ஆகவே, நல்ல மருத்துவமனை செய்யவேண்டியவை யாவை? அவற்றுள் பல எளியவை. வந்தவரின் வலியை உடனே தணித்தல். 2012-இல் இங்கிலாந்து வகுத்த நெறி, வந்த 30 நிமிடங்களுக்குள் முதல் வலிநீக்கி தரப்பட வேண்டும் என்கிறது. தந்த பின் மீண்டும் மீண்டும் வந்து, குறைந்ததா எனக் கேட்டல். நீர்ச்சத்தைச் சரிசெய்தல், ஆனால் அளவு மீறி ஏற்றாதிருத்தல். இரத்தத்தில் உயிர்வளியின் அளவைக் கவனித்தல், குறைந்தால் கொடுத்தல். காய்ச்சல் இருந்தால் காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குதல். மார்புச் சிக்கலோ பக்கவாதமோ வந்தால் பொருத்தம் பார்த்த இரத்தம் ஏற்றுதல். தேவையாயின் நோயாளியின் இரத்தத்தை எடுத்து மாற்று இரத்தம் செலுத்துதல். இரத்தம் ஏற்றுவதையும் வரம்பின்றிச் செய்தல் ஆகாது. அடிக்கடி ஏற்றினால் உடலில் இரும்பு தேங்கும், எதிர்ப்பொருள்கள் உருவாகிப் பின்னர்ப் பொருந்தும் இரத்தம் கிடைப்பதே அரிதாகும்.

மற்றொன்று நம்மைச் சிந்திக்க வைப்பது. மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் மேலெழும் ஒரு சிறு நெகிழிக் கருவியை நம் மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். விழித்திருக்கும் வேளையில் இரண்டு மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை அத்தகைய கருவியால் ஆழ மூச்சிழுத்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல் வெகுவாகக் குறைந்தது என 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் இரண்டு மணிக்கு ஒருமுறை படுக்கையருகே வந்து ‘அம்மா, இழுங்க’ என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். சாவடிப் பொறுப்பாளரின் பணி அத்தகையதே.

அதே 1995-இல் பெரியவர்களுக்கே உரிய நற்செய்தி ஒன்றும் வந்தது. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரையை 299 பெரியவர்களிடம் சோதித்தபோது, வலித் தாக்குதல்கள் ஏறத்தாழப் பாதியளவு குறைந்தன. பயன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனை குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. கருவில் இருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபினை அது மீண்டும் பெருக்குகிறது. அது உள்ள அணு எளிதில் வளைவதில்லை. ஆனால் அதனை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்குவோர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். இங்கும் மாத்திரை மட்டும் போதாது. உடனிருக்கும் ஒருவர் வேண்டும்.

யோபின் நண்பர்கள்

யோபு துன்புற்றபோது வந்த நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் பேசாமல் தரையில் அவரோடு அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது நன்று. வாய் திறந்தபோதுதான் தவறினர்; அவர் வலியை நம்புவதற்குப் பதிலாக அவரிடம் குற்றம் தேடினர். அரிவாள் அணு நோயாளிக்கு உலகெங்கும் நேர்வது இதுவே. வலி அளவிடும் கருவி எதற்கும் அகப்படுவதில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. பழகிய நோயாளி எந்த மருந்து தமக்குக் கேட்கும் என்பதைச் சொன்னால், போதைக்கு அலைபவர் என்ற ஐயம் எழுகிறது.

2019-இல் இலண்டன் மாநகரில், உயர்ந்த மருத்துவ வசதிகளின் நடுவே, 21 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி தமக்கு உயிர்வளி வேண்டுமென்று அவசர உதவி எண்ணைத் தொலைபேசியில் அழைத்தார். அருகிலிருந்தோர் செவிகொடாததால், வெளியே இருந்தோரை அழைத்தார். சில நாள்களில் அவர் இறந்தார். அதன்பின் 2021-இல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் குழு வெளியிட்ட அறிக்கைக்கு ‘யாரும் செவிசாய்ப்பதில்லை’ என்னும் பொருளில் தலைப்பிட்டது. சாவடி இருந்தது, பொறுப்பாளர் இல்லை.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்தது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், பல உரிமங்களின் சிக்கலுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே கைவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதனைக் கையாளப் பழகாமலே வளர்ந்தனர். கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். இராஜகோபால் போன்றோரின் நெடிய முயற்சியால் 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது; மனங்கள் திருந்துவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் மனிதத் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருள் பற்றித் திருமடல் எழுதினார். 1992-இல் உலக நோயாளர் நாளை ஏற்படுத்தினார். துன்பம் மீட்பளிக்கும் என்று நாம் கற்பிக்கிறோம். அது உண்மை. ஆயினும் அந்த உண்மையை வலிநீக்கிக்குப் பதிலாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அத்திருமடலே நல்ல சமாரியரைப் பற்றிய பகுதிக்கு வந்துதான் நிறைவை நோக்கிச் செல்கிறது. சிலுவையைச் சுமப்பவருக்குத் தத்துவம் சொல்வதை விட, சீரேனே ஊராரைப் போல ஒரு முனையைத் தாங்கிப் பிடிப்பதே நமக்கு உரிய பணி.

கூடலூரில் ஒரு சாவடி

நல்வாய்ப்பாக நம் மாநிலத்திலேயே சாவடிகள் எழுந்தன. கோத்தகிரியில் மருத்துவர் நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் மலைமக்களின் உடல்நலத்துக்கு நெடுங்காலம் உழைத்தது. கூடலூரில் 1980-களில் பழங்குடி மக்கள் தம் நில உரிமைக்காக ஒன்றுதிரண்டபோது, அவ்வியக்கத்தின் உடன்பிறப்பாக மருத்துவப் பணியும் பிறந்தது. 1990-இல் அஸ்வினி என்னும் அமைப்பு உருவாகி, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வளர்ந்தது. பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய மக்களின் பெண்களே அங்கே செவிலியராகப் பயிற்றுவிக்கப்பட்டனர். ஊர்தோறும் அவர்களைச் சேர்ந்தவர்களே நலப்பணியாளராயினர்.

இது ஏன் முக்கியம்? வலியை நோயாளி தம் மொழியில் சொல்ல, அம்மொழியிலேயே கேட்கும் செவிலியர் இருந்தால், ‘நடிக்கிறாள்’ என்ற சொல் எழாது. வீட்டுக்குத் திரும்பியவர் மாத்திரையை விட்டுவிட்டால், அதே ஊர்ப் பணியாளர் வாசலில் வந்து நிற்பார். 1992 முதல் அம்மக்களுக்கென ஒரு காப்பீட்டு முறையும் அங்குத் தொடங்கப்பட்டது. ஆளுக்கு ஒரு சிறு தொகை, அதில் அனைவருக்கும் மருத்துவம். இரு தெனாரியங்கள் என்பது அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. ஒருவர் கொடுத்தால் அது தருமம். ஊரே சேர்ந்து வைத்தால் அது சாவடி.

சோதனையும் களங்கமும்

2023-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், மத்தியப் பிரதேசத்தின் சாதோலில் தேசிய அரிவாள் அணு சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047-க்குள் இந்நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்குவதும் அதன் நோக்கம். முன்பே, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் வரலாறு நம்மை எச்சரிக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல சோதனையைக் கட்டாயமாக்கின. சுமப்பவருக்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நலமானவர்களே வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டனர். அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரை சுமப்பவரைச் சேர்க்கவில்லை. கிரேக்க நாட்டின் ஓர்க்கோமெனோஸ் என்னும் ஊரில், மக்களைச் சோதித்து மணப்பொருத்தம் குறித்து அறிவுரை கூறினர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சுமப்பவர் இருவர் மணந்துகொள்வது குறையவில்லை. களங்கத்துக்கு அஞ்சிச் சிலர் முடிவை மறைத்தே மணந்திருந்தனர்.

நம் பங்குகளில் இது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சாதகம் பார்ப்பதில்லை என்று பெருமைப்படும் நம் இல்லங்களிலும், பெண்ணின் குடும்பத்தில் ஒரு நோய் என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். உறவுக்குள் திருமணத்துக்கு ஆயரிடம் விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, நாங்கள் உறவின் படிகளை எண்ணுகிறோம்; இரத்தச் சோதனை பற்றிச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். ஆனால் சொல்லும் முறை அறிந்து சொல்ல வேண்டும். சுமப்பவர் நோயாளி அல்லர். இருவரும் சுமப்பவராயின் ஒவ்வொரு கருவுறுதலிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இதனை மணமக்கள் முன்னமே அறிந்து, அச்சமின்றித் தீர்மானிக்க உதவுவது மணத்தயாரிப்பின் ஒரு பகுதியாகட்டும்.

‘ஒழிப்பு’ என்ற சொல்லையும் நாம் ஆராய வேண்டும். நோயை ஒழிப்பது வேறு. நோயோடு பிறக்கவிருப்பவரை ஒழிப்பது வேறு. கருவிலிருக்கும் உயிர் புனிதமானது எனத் திருச்சபை உறுதியாகக் கற்பிக்கிறது. அதைக் கற்பிக்கும் நாம் மற்றொரு கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்: காக்கப்பட்ட அந்தக் கரு வளர்ந்து, 30 வயதில் இடுப்பெலும்பு மடிந்து, நள்ளிரவில் வலியால் துடிக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம்? கருவறையில் காத்துவிட்டு வார்டில் கைவிட்டால், நம் போதனை பாதிவழியில் நின்றுவிடும்.

2023 இறுதியில் மேலைநாடுகளில் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒருவருக்கு அதன் விலை 22 இலட்சம் டாலர். அறிவியலுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். அந்த விலை பணியர் குடிசையின் படியேறும் நாள் வரும்வரை, வலிநீக்கி, தண்ணீர், ஹைட்ராக்சியூரியா, மூச்சுக் கருவி, நம்பும் செவிலியர் ஆகிய இவையே அங்கே உயிர்காக்கும்.

கீழ்பென்னாத்தூரில்

நம் கீழ்பென்னாத்தூரிலிருந்து நீலகிரி தொலைவு. ஆயினும் நம் மாவட்டத்திலும் சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரும் சமவெளியில் இருளரும் வாழ்கின்றனர். ஒரு குலத்தின் பெயரைக் கொண்டு இரத்தத்தைத் தீர்மானிக்க இயலாது, சோதனையே சொல்லும். நம்மைப் பொறுத்தவரை கேள்வி அரிவாள் அணுவோடு முடிவதுமில்லை. இடைவிடாத சோகையும் எலும்பு வலியும் உடையவரைப் ‘பலவீனம்’ என்று சொல்லி அனுப்பாமல் சோதனைக்கு அழைத்துச் செல்வோர் நம்மிடையே உண்டா? தலசீமியா முதலிய இரத்த நோய்களைப் பார்க்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே உள்ளது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. பேருந்தில் உடன் ஏறி, வரிசையில் நின்று, மருத்துவர் சொன்னதை விளக்கி, மறுமாதமும் நினைவூட்ட ஒரு துணை கிடைத்தால் போதும்; பலருக்குப் பாதி வழி கடந்தாயிற்று. குருதிக்கொடையும் அவ்வாறே. விழா நாளன்று மட்டும் கொடுத்துப் படமெடுத்துக்கொள்வதை விட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைதியாகக் கொடுக்கும் பத்து இளைஞர் ஒரு பங்கின் செல்வம்.

பண்டைத் திருச்சபைத் தந்தையர் இவ்வுவமையை வேறு விதமாகவும் வாசித்தனர். சமாரியர் கிறிஸ்து; சாவடி திருச்சபை என்றார் ஓரிஜென். சாவடிப் பொறுப்பாளர் திருத்தூதர் என்றார் புனித அகுஸ்தீன். இரு தெனாரியங்களில் இறையன்பு, பிறரன்பு என்னும் இரு கட்டளைகளையும் அவர் கண்டார். அப்படியாயின் நாம் இந்த உவமையில் யாராக இருக்கிறோம் என்பதில் ஐயமில்லை. பணம் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. காயப்பட்டவர் உள்ளே படுத்திருக்கிறார். சமாரியர் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்; மேலும் செலவானதைத் தந்து கணக்குத் தீர்ப்பதாகவும் வாக்களித்திருக்கிறார். செலவே செய்யாதவர் அன்று எந்தக் கணக்கை நீட்டுவார்?

சோட்டேர் கல்லறைத் தோட்டத்தில் துயிலும் அந்தப் பல் மருத்துவருக்காகவும், நீலகிரியில் இரத்தம் கொடுத்துவிட்டு மருந்துக்குக் காத்திருந்து மறைந்த, பெயர் எழுதப்படாத மக்களுக்காகவும், பிப்ரவரி 11-ஆம் நாள் வரும் நோயாளர் திருப்பலியில் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். சேர்த்துவிட்டு, அன்று மாலையே நம் தெருவில் நெடுநாள் படுக்கையில் இருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அடுத்த வாரமும் தட்டுவோம்.